வாய் திறக்கும் நேரம்

மணல்மேட்டுக்குப்பம்,
பழவேற்காடு.
2.9.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

லோகநாயகி எழுதுவது. நானே எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். இதுவரை உனக்கு வந்த கடிதங்களிலும் கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் பேச்சு நைனாவுடையது. அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். இந்தத் தடவை சொல்ல ஆள் இல்லாததால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்துவிட்டது. நைனாவுக்கு உடம்பு மிகவும் நன்றாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

போன வாரம் மீன் ஏலம் விடும் இடத்தில் அக்கரைக்குப்பத்து ஆட்கள் உன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் காணும் பொங்கல் குத்துச்சண்டையில் நீ அவர்கள் குப்பத்து அர்ஜுனனிடம் ஒரே குத்தில் விழுந்தாய் அல்லவா, நீ விழுந்த பள்ளத்தில் இப்போது நண்டு குடியிருக்கிறது என்று ஒருவன் சொன்னானாம். நைனா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வர்ற காணும் பொங்கலுக்கு எம்மவன் துளசிங்கம் பட்டாளத்துலேர்ந்து வருவான். உங்க அர்ஜுனன உழ வெக்கலன்னா இந்த மீசைய எடுத்துட்றேன்" என்று சபதம் போட்டுவிட்டார். ஊர்ப் பெரியவர் ஆதிநாராயணன் சாட்சி.

நைனாவின் மீசை உனக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் படகு எடுக்கிறார்கள். இதை உனக்கு எழுத வேண்டாம், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். நேரில் சொன்னால் உனக்குப் பழக நாள் இருக்காதே என்று நான் எழுதுகிறேன்.

தினமும் காலையில் அம்மாவோடு படகில் பழவேற்காட்டுக்குப் போகிறேன். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்று முடிக்கும் வரை டச்சுக் கல்லறையில் உட்கார்ந்து சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிறேன். அங்கே யாரும் என்னிடம் பேசமாட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கத் திடலில்தான் அர்ஜுனன் குத்துச்சண்டை பழகுகிறான். அவன் ஒரு காலையில் பேசும் பேச்சை நான் பொன்னேரி காலேஜில் மூன்று வருஷத்திலும் பேசியதில்லை. கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் இரண்டு எலும்புக்கூடுகளிடம்கூட, "இன்னா பங்காளி, இளைச்சிட்டியே" என்று விசாரித்துவிட்டுத்தான் தொடங்குகிறான்.

லீவு கிடைக்குமா என்று எழுது. கிடைக்காது என்றால் மீசைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

உன் தங்கை,
லோகநாயகி


ஜபல்பூர்
19.9.1988

தங்கச்சி லோகாவுக்கு, துளசிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே மழை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் ஹர்ப்பாலுக்குக் காட்டினேன், பி.ஏ. படித்தவள் எழுத்து என்று. அவனுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் தலையை ஆட்டினான்.

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நைனாவிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடு, ஒளிக்க வேண்டாம்.

அந்தக் குத்து வந்ததை நான் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது வானத்தைத்தான். இங்கே வந்து பழகிய பிறகுதான் என் தப்பு புரிந்தது. நான் அவனை அடிக்கப் போனேன். அவன் அடிக்க வரும்வரை காத்திருக்க வேண்டும். குத்துகிறவனுக்குக் குத்தும்போதுதான் காவல் இருக்காது. அவன் வலது கை வரும்போது அவன் வலது தாடை வெறுமையாக நிற்கும். என் தலையை இடது பக்கம் சாய்த்தால் அவன் கை என் வலது தோளுக்கு மேலே காற்றில் போகும். அந்த நேரம் என் இடது கை அவன் தாடைக்குப் போக வேண்டும். இதற்கு இங்கே கவுன்ட்டர் என்று பெயர். நம் ஊரில் பஸ் டிக்கெட் கொடுக்கும் இடம்தான் கவுன்ட்டர். இது எதிர்க்குத்து.

ஆனால் அவன் எப்போது குத்துவான் என்று முன்னாலேயே தெரிய வேண்டும். குத்துவதற்கு முன் எல்லோரும் ஏதாவது செய்வார்கள். தோளை இறக்குவார்கள், மூச்சை இழுப்பார்கள். நீ வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பார்க்கிறவள். எந்தக் கோழி எங்கே முட்டை போடும் என்று வீட்டில் நீதானே சொல்லுவாய். அவனைப் பார்த்து எழுது.

துளசிங்கம்


மணல்மேட்டுக்குப்பம்
8.10.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. சப்பாத்தி உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஒத்துக்கொள்கிறது என்று எழுது.

நீ சொன்னபடி பார்த்தேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அவன் தோளை இறக்குவதில்லை. பழைய வலைக் கயிற்றில் ஸ்கிப்பிங் ஆடுகிறான். கோணிப்பையில் மணலும் கிளிஞ்சலும் நிரப்பிப் பூவரச மரத்தில் கட்டிக் குத்துகிறான். குத்தும்போது பையைத் திட்டுகிறான், பிறகு பையிடமே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறான்.

பேச்சு நிற்பது ஒரே ஒரு நேரத்தில்தான். வலது கையை ஓங்கும்போது உதட்டை மூடிப் பல்லைக் கடிக்கிறான். பிறகு வாயைத் திறக்கிறான். திறந்த பிறகுதான் கை வருகிறது. ஒரு தடவைகூட இது மாறவில்லை.

ஏன் என்று நேற்றுப் படகில் வரும்போது தெரிந்தது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தான். நாம் கடலுக்குப் போகிறவர்கள், நமக்கு அந்த வலை பழக்கமில்லை. அக்கரைக்குப்பத்துக்காரர்கள் வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். உடம்பைத் திருப்பி வீசும் நேரம் சரியாக வாயைத் திறந்து விட்டுவிட வேண்டும். திறக்க மறந்தால் வலையோடு பல்லும் போய்விடும். அந்தக் குப்பத்தில் வாலிபர்களே பொக்கை வாயோடு திரிவது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. சின்ன வயதிலிருந்து வலை வீசிய பழக்கம், கையை வீசினாலே அவன் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. கையில் வலை இல்லை என்று வாய்க்குத் தெரியவில்லை.

இதை யோசித்துக்கொண்டு இன்று காலை சுவரில் சாய்ந்திருந்தபோது என் பொது அறிவுப் புத்தகம் அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. அவர் அதை எடுத்து, மேல்துண்டால் மணலைத் தட்டி, சுவர் மேல் வைத்தார். "இன்னாம்மா, செத்துப்போன டச்சுக்காரனுக்கு டியூசன் எடுக்கிறியா?" என்று கேட்டார். என் பதிலையும் அவரே சொல்லி, அதற்கு அவரே சிரித்தார். அவருடைய முன்பல் ஒன்றில் வலைக் கயிறு உராய்ந்த மெல்லிய கோடு இருக்கிறது. இது உன் சண்டைக்கு உதவுமா என்று தெரியாது. பார்த்ததை எழுதச் சொன்னாயே என்று எழுதுகிறேன்.

உன் தங்கை,
லோகநாயகி


ஜபல்பூர்
24.10.1988

என் தங்கம் லோகாவுக்கு,

சப்பாத்தி ஒத்துக்கொள்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்டிலில் ஏறிக் குதித்தேன். ஹவில்தார் திட்டினார். பரவாயில்லை. மூன்று வருஷமாக எனக்குத் தெரியாததை நீ புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாய்.

இப்போது தினமும் ஹர்ப்பால்தான் எனக்கு அர்ஜுனன். குத்துவதற்கு முன் வாயைத் திற என்று சொல்லிவைத்திருக்கிறேன். முதல் நாளே ஒரு ஈயை விழுங்கிவிட்டான். இருந்தாலும் நண்பனுக்காகத் திறக்கிறான். அவன் வாய் திறந்தால் போதும், நான் யோசிப்பதே இல்லை, என் இடது கை தானாகக் கிளம்பிவிடுகிறது. நேற்றுச் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் ஒருவன் கொட்டாவி விட்டான். கை பாதி தூரம் போய்விட்டது.

இன்னொன்று. வாயைத் திறந்திருப்பவனுக்குத் தாடை தளர்ந்திருக்கும். பல்லுக்கு நடுவே கடித்துக்கொள்ளும் ரப்பர் நமக்கு இங்கே கொடுக்கிறார்கள், அவனுக்கு ஏது? அந்த நேரம் பார்த்து அடித்தால் தாடை இரண்டு துண்டு. அப்புறம் இரண்டு மாதம் கஞ்சிதான். நைனாவிடம் மீசைக்கு எண்ணெய் போடச் சொல்.

வேறு ஏதாவது பார்த்தால் உடனே எழுது.

துளசிங்கம்


மணல்மேட்டுக்குப்பம்
27.11.1988

(நைனா சொல்லச் சொல்ல எழுதியது. 'நான் சொல்றத நீ மாத்தி எழுதுற, சொன்ன மாதிரியே எழுது' என்று கண்டிப்பாகச் சொன்னதால் அப்படியே எழுதுகிறேன்.)

டேய் துளசிங்கம், நல்லாக்கீறியா. லெட்டர் போட்டு ஒரு மாசம் ஆவுதாமே, உந்தங்கச்சி பதில் போடலியாம். கேட்டா படிக்கிறேன்றா. இன்னா படிப்போ, புஸ்தகத்தத் தொறந்து வெச்சிகினு ஏரியப் பாக்குறா. எழுதிட்டியா? சரி. புயல் வரும்னு ரேடியோல சொன்னான், வரல. உங்கம்மா காலு பரவால்ல, வாய்தான் கொறையல. இன்னாடி மொறைக்கிற, நான் அவனுக்குச் சொல்றேன். அத்தயும் எழுதுறியா? அட, அடிச்சிடு. சரி உடு, இன்லண்டு பாழாப்பூடும்.

விசயம் இன்னான்னா, லோகாவுக்கு மீஞ்சூர்லேர்ந்து ஒரு வரன் வந்துகீது. கம்பெனில வேலை. பொங்கல் முடிஞ்சி பொண்ணு பாக்க வர்றாங்க. அவங்க வந்து மொதல்ல பாக்கறது பொண்ணையா? பொண்ணப் பெத்தவன் மூஞ்சிய. அப்ப இந்த மீசை இருந்தாவணும். நீ அந்த அர்ஜுனன உழ வெச்சிட்டன்னா மானமும் நிக்கும், கல்யாணமும் நடக்கும். அந்தக் குப்பத்துக்காரன் எவனும் என் உயிர் இருக்கிற மட்டும் என் வாசப்படி மிதிக்கக்கூடாது. சீக்கிரம் வந்து சேரு. கோதண்டம்னு பேரு போட்டு முடி.

கோதண்டம்

அண்ணா, நைனா வெற்றிலை வாங்கப் போயிருக்கிறார். மீதி இடத்தில் நான் எழுதுகிறேன். நாங்கள் நலம். தாடை எலும்பு உடைந்தால் திரும்பக் கூடுமா? எவ்வளவு நாள் ஆகும்? கூடிய பிறகு முன்போல் பேச முடியுமா? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.
லோகா


ஜபல்பூர்
11.12.1988

அன்புள்ள லோகாவுக்கு,

குளிர் எலும்பு வரை போகிறது, மற்றபடி சுகம். லீவு கிடைத்துவிட்டது. போகிக்கு முன்னால் வந்துவிடுவேன்.

தாடை எலும்பு கம்பி கட்டினால் கூடிவிடும் என்று இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கும் நம் தமிழ்ப் பையன் சொன்னான். பேச்சு வரும், ஆனால் சிலருக்கு வாய் கொஞ்சம் கோணிக்கொள்ளுமாம். இதை எந்தப் பரீட்சையில் கேட்கிறார்கள்?

வரன் பற்றி நைனா எழுதியிருந்தார். நீ ஒன்றும் எழுதவில்லை.

அர்ஜுனன் இப்போதும் வாயைத் திறக்கிறானா? அதை மட்டும் உடனே எழுது. நான் நம்பியிருப்பது அது ஒன்றைத்தான்.

துளசிங்கம்


மணல்மேட்டுக்குப்பம்
30.12.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே பனி அதிகம். அம்மா இருமுகிறாள், பயப்படும்படி இல்லை. உனக்காகச் சுறாக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். இப்போதெல்லாம் அந்தத் திடலில் பேச்சுச் சத்தம் கேட்பதில்லை. மௌன விரதம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். எலும்புக்கூடுகளிடம்கூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவதாகக் கேள்வி. எனக்குப் பரீட்சை நெருங்குவதால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார வேண்டாம், பனிக்காற்று ஆகாது.

லோகநாயகி


ஜபல்பூர்
3.2.1989

லோகாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கருவாட்டு வாசனையில் ரயில் பெட்டியில் எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. காது வீக்கம் வடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்.

காணும் பொங்கல் சண்டையை நீ கல்லறைச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தாய். உள்ளே நின்றவனுக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். வீட்டில் இதைப் பேச முடியவில்லை. நான் வாயெடுத்தால் நீ தண்ணீர் மொள்ளப் போய்விட்டாய்.

விசில் ஊதியதும் நான் அவன் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தேன். வாய் மட்டிச் சிப்பி மாதிரி மூடியிருந்தது. திறப்பான் என்று காத்திருந்தேன். மூடிய வாயோடு ஒரு குத்து விட்டான், என் காதில் பட்டது. அதில் பழைய பலம் இல்லை. பல்லில் கடித்த வலையை விடாமல் வீசினால் எப்படி விரியும்? அவனால் வாயைத் திறக்காமல் பலமாகக் குத்த முடியவில்லை. என்னால் அவன் வாய் திறக்காமல் குத்தவே முடியவில்லை. மூன்று ரவுண்டும் ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தோம்.

கூட்டத்தில் யாரோ, "சண்டைக்கு வந்தாங்களா, பொண்ணு பாக்க வந்தாங்களா?" என்று கேட்டது உனக்கும் கேட்டிருக்கும். பொன்னேரியிலிருந்து விசில் ஊத வந்த டிரில் மாஸ்டர் கடைசியில் எங்கள் இருவர் காதிலும் சொன்னார். "யாராவது ஒருத்தர் உழுங்கப்பா, கடைசி பஸ் போயிடும்." ஒருவரும் விழவில்லை. சமம் என்று கையைத் தூக்கிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அவன் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. கல்லறைச் சுவரைத்தான் பார்த்தான். இரண்டாவது, வாய் திறக்கும் விஷயம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, உனக்கு, ஹர்ப்பாலுக்கு. ஹர்ப்பால் பழவேற்காடு வந்ததில்லை.

அவன் வாயை மூடியது யார்?

மீசை விஷயத்தில் ஊர் என்ன தீர்ப்பு சொன்னது என்றும் எழுது.

துளசிங்கம்


மணல்மேட்டுக்குப்பம்
20.2.1989

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் காதுக்கு இரவில் நல்லெண்ணெய் விடச் சொன்னாள் அம்மா.

மீசைத் தீர்ப்பு வந்துவிட்டது. விழ வைக்காவிட்டால் எடுப்பதாகத்தானே பேச்சு, அதனால் எடுக்க வேண்டும் என்றார்கள் அக்கரைக்குப்பத்தார். தன் மகனும் விழவில்லை, அதனால் எடுக்க மாட்டேன் என்றார் நைனா. மத்தியானம் வரை பேசிப் பார்த்துவிட்டு ஆதிநாராயணன், "சண்ட பாதி, மீசையும் பாதி" என்று முடித்துவிட்டார். எந்தப் பாதி என்று சாயங்காலம் வரை பேசினார்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் காற்றுத் திசை தப்பாகக் காட்டும் என்று, இரண்டு பக்கமும் பாதிப் பாதி வெட்டிக்கொள்ளச் சம்மதித்தார்கள். இப்போது நைனாவின் மூக்குக்குக் கீழே பல் துலக்கும் பிரஷ் வைத்தது போல் இருக்கிறது. அம்மா சோறு போடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே போடுகிறாள்.

இந்த முகத்தோடு சம்பந்திகள் முன்னால் உட்கார மாட்டேன் என்று நைனா மீஞ்சூருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் மீஞ்சூர்க்காரன் பெண் பார்க்க வருவது மீசை வளரும் வரை தள்ளிப்போயிருக்கிறது. அவன் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றார்கள், அப்படி இல்லையாம். அவன் போட்டோ வந்தது. சரியாகப் பார்க்கவில்லை.

மீசை வேகமாக வளர்கிறது. நைனா தினமும் விளக்கெண்ணெய் தடவுகிறார்.

பரீட்சை எழுதிவிட்டேன். பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்கள் யார் என்று ஒரு கேள்வி வந்தது. அது ஒன்றை மட்டும் யோசிக்காமல் எழுதினேன்.

நீ கேட்ட இன்னொரு கேள்விக்கு இன்லண்டில் இடம் போதவில்லை.

உன் தங்கை,
லோகநாயகி


ஜபல்பூர்
4.3.1989

லோகாவுக்கு,

காது சுகம். நீ எழுதிய கடிதங்களை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து நேற்று வரிசையாகப் படித்தேன். எட்டாவது வரை படித்தவன்தான் நான். இருந்தாலும் எதிராளி குத்துவதற்கு முன் என்ன செய்கிறான் என்று பார்க்கப் பழகியவன்.

முதல் கடிதத்தில் 'அர்ஜுனன் பழகுகிறான்', 'தொடங்குகிறான்'. சரி. இரண்டாவதில் மேலே எல்லாம் 'அவன்'. புத்தகம் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அந்த வரிக்குக் கீழே 'அவர் எடுத்தார்', 'அவர் கேட்டார்', 'அவரே சிரித்தார்'. படித்த பெண், எல்லோருக்கும் மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்தேன். கடைசிக் கடிதத்தில் நாளைக்கு உன் கழுத்தில் தாலி கட்ட வருகிற மாப்பிள்ளை 'அவன்'.

அண்ணனை அடித்தவர் அவர், கட்டிக்கப்போறவன் அவன். இது எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்த தமிழ்?

உன் வாய் எப்போதும் மூடித்தான் இருக்கும். எழுத்தில் திறந்துவிட்டது, பார்த்துவிட்டேன். இப்போது அடிக்கவில்லை. நீயே சொல்லு.

சித்திரையில் பத்து நாள் லீவு வருகிறேன். அதற்கு முன் பதில் வர வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு இன்லண்ட் வாங்கு.

துளசிங்கம்


மணல்மேட்டுக்குப்பம்
19.3.1989

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு ஒன்றும் இல்லை.

நான்தான் சொன்னேன். ஆனால் நீ நினைப்பது போல் இல்லை.

'இரண்டு மாதம் கஞ்சி' என்று நீ எழுதினாயே, அன்றிலிருந்து எனக்கு வீட்டில் கஞ்சி இறங்கவில்லை. வாய் கோணிக்கொள்ளும் என்று நீ எழுதிய பிறகு தாங்க முடியாமல் ஒருநாள் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். 'குத்துவதற்கு முன் நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள். எங்கள் அண்ணனுக்கு அது தெரிந்துவிட்டது. உங்கள் தாடைக்கு நல்லதில்லை. தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு குத்துங்கள்.' இவ்வளவுதான். சுவருக்குப் பக்கத்தில் போனதும் அவர் என்னைப் பார்த்து ஏதோ பேசத் தொடங்கினார். எனக்கு முன்னும் பின்னும் எல்லாம் மறந்துவிட்டது. "வாய மூடுங்க" என்று மட்டும் வந்தது. சொல்லிவிட்டு மார்க்கெட் வரை ஓடினேன்.

அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. ரொம்பப் பேசுகிறாய் என்று நான் திட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து யாரிடமும் பேசவில்லை. அவருடைய அம்மா அங்காளம்மாள் பயந்துபோய்த் திருப்பாலைவனம் கோயிலுக்கு அழைத்துப் போய் அர்ச்சனை செய்து, கையில் தாயத்தும் கட்டினாள். சண்டையன்று நான் சுவருக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்து, எனக்காகத்தான் அவர் வாயைத் திறக்கவே இல்லை. உன் எதிர்க்குத்தைப் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

நீ ரயில் ஏறிய மறுநாள் சுவரோரம் வந்து நின்றார். வாயைத் தொட்டுக் காட்டி, திறக்கலாமா என்று கையாலேயே கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் வந்தது. மனப்பாடம் செய்ததை முழுதும் சொன்னேன். அவர் எலும்புக்கூடுகளைப் பார்த்தார். பிறகு, "அப்ப நீ என்னத் திட்டல. நான் ஒடஞ்சிடப்போறேன்னு பயந்துட்ட. அத்தச் சொல்றதுக்கு என்ன ஊமையாக்கிட்டியேம்மா" என்றார். சேர்த்து வைத்திருந்த பேச்சை எல்லாம் அன்றே பேசிவிட்டார். நானும் பேசினேன். அன்று மீன் விற்று முடித்து அம்மா என்னைத் தேடிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. பார்த்துவிட்டாள். படகில் வரும்போது, "அங்காளம்மா எனக்கு நாத்தனார் மொற மாதிரி" என்று யாரிடமோ சொல்வது போல் ஏரியிடம் சொன்னாள்.

உனக்கும் சொல்லிவிட்டு அவரிடமும் சொல்லப் போனது தப்புதான். ஆனால் நீயும் விழவில்லை, அவரும் விழவில்லை. விழுந்தது அரை மீசை மட்டும்தான். இரண்டு குப்பத்துக்கும் ஒரே சாதி, ஒரே சாமி. நடுவில் இருப்பது ஏரியும் நைனாவும்தான்.

மீசை இப்போது உதட்டோரத்துக்கு வந்துவிட்டது. சித்திரை பிறந்தால் முறுக்கலாம் என்று நைனா கண்ணாடி பார்த்துச் சொல்கிறார். முறுக்கிய அன்றே மீஞ்சூருக்கு ஆள் போகும். அதற்கு முன்னால், நீ வந்து இறங்கிய மறுநாள் காலையில், அங்காளம்மாள் தாம்பூலத் தட்டோடு அவரையும் கூட்டிக்கொண்டு படகேறி நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வாசப்படி மிதிக்கக்கூடாது என்று நைனா எழுந்து நிற்பார். பிறகு உன் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு இருக்கிற கை நீதானே.

இப்படிக்கு,
உன் தங்கை,
லோகநாயகி

அண்ணா, இதை ஒட்டும் மடிப்பில் எழுதுகிறேன், வேறு இடமில்லை. அவர் வாசலில் நின்று நைனாவைப் பார்ப்பார். முதலில் உதட்டை மூடிப் பல்லைக் கடிப்பார். பிறகு வாயைத் திறப்பார். உன் இடது கை தானாகக் கிளம்பும். அதை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள். அவர் குத்த வரவில்லை, பெண் கேட்க வருகிறார். சொல்லி முடிக்க விடு.